ஒரு பெரிய வாய்க்காரியின் ஊர்வம்பு

மான்ட்கமரி, அலபாமா

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரித்த நாலு வரிக்குப் பிறகு நீ கேட்டிருக்கும் கேள்வியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "உன் வீட்டுக்காரர் விடிகாலையில் எழுந்து போய், மீன் பிடித்து, போட்டோ எடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறாராமே, மனுஷருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையடி. இந்த ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அப்படித்தான். இந்தப் பைத்தியத்தைக் கட்டி ஆண்ட மகாராஜாவே எங்கள் மான்ட்கமரிக்காரர்தான். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் வம்பு பேசிவிடுவோம். நீயும் நானும் மனுஷர்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஒரு மீனைப் பற்றிப் பேசினால் பாவமொன்றும் சேராது.

பாஸ் மீன் என்பார்கள். பெரிய வாய் பாஸ், சின்ன வாய் பாஸ் என்று இரண்டு பிரபலம். ஆனால் கடலில் இருக்கிற நிஜ பாஸ் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது 'சூரிய மீன்' என்று இங்கே சொல்லும் நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும் ப்ளூகில் என்ற மீனுக்குப் பங்காளி. அந்தப் பங்காளியைக் கண்டால் இது விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம். ப்ளூகில் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், ஜப்பானில் அது பெரிய வேலை பார்த்தது.

குடும்பக் கதை இன்னும் வேடிக்கை. வசந்தத்தில் ஆண் மீன்தான் வாலால் அடித்து அடித்து மண்ணை ஒதுக்கி, வட்டமாக இடம் பண்ணும். அம்மா வருவாள், முட்டையிடுவாள், போய்விடுவாள். அதற்குப் பிறகு முட்டைக்குக் காவல், குஞ்சுக்குக் காவல் எல்லாம் அப்பன் வேலை. அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடக்கூடச் சாப்பிடாது. கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரனுக்குக் கொண்டாட்டம் அப்போதுதான்: பசியில் கடிக்காத மீன், கோபத்தில் கடிக்கும். காவல் காலம் முடிந்த பிறகு சொந்தக் குஞ்சையே விழுங்கினாலும் விழுங்கும். அதிலும் ஒரு நியாயம் பார், சாதனைப் புத்தகத்தில் ஏறுகிற பத்துக் கிலோ ராட்சசிகள் எல்லாம் பெண்தான். ஆண் அந்த உடம்பைக் கனவில்கூடப் பார்க்காது.

இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்த கதையைக் கேள். 1802-இல் பாரிசில் லாசெபேது என்ற இயற்கை விஞ்ஞானியின் மேஜைக்கு ஒரு சின்ன வாய் பாஸ் வந்து சேர்ந்தது. அதன் முதுகுத் துடுப்பு எங்கேயோ கிழிந்து, கடைசித் துண்டு மட்டும் தனியாக நின்றிருக்கிறது. மனுஷர் அது பிறவியிலேயே அப்படி என்று நினைத்து, 'சின்னத் துடுப்புக்காரன்' என்று பொருள் வரும்படி மைக்ரோப்டெரஸ் என்று இனத்துக்கே பெயர் வைத்துவிட்டார். இன்றைக்கும் அதே பெயர்தான். ஒரு மீனுக்கு நேர்ந்த விபத்தை வம்சமே சுமக்கிறது. கூடவே தன் சிநேகிதர் தோலோமியூவின் பெயரையும் அதற்குச் சூட்டினார். டோலமைட் என்ற கல்லுக்குப் பெயர் கொடுத்த அதே தோலோமியூதான். அவர் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இத்தாலியில் பிடிபட்டு, மெஸ்ஸினா சிறையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் கிடந்தவர். எழுத மை கிடையாது. விளக்குக் கரியைத் தொட்டு, மரக்குச்சியைப் பேனாவாக்கி, புத்தக ஓரங்களில் கனிமவியல் எழுதினாராம். விடுதலையாகி வந்த 1801-லேயே காலமாகிவிட்டார். அமெரிக்க ஆற்று மீனுக்குத் தன் பெயர் வந்தது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பெரிய வாய்க்காரியின் பெயரிலும் குழப்பம்தான். இருநூறு வருஷமாக அவளுக்கு இருந்த பெயர் உண்மையில் ஃபுளோரிடாப் பக்கத்து பாஸுக்குச் சேர வேண்டியது என்று சமீபத்தில் மரபணு பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இப்போது பெயரைப் பிடுங்கி அவளிடம் கொடுத்து, இவளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். தூண்டில்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு எடைதான் முக்கியம்.

நான் இதையெல்லாம் தோண்டத் தொடங்கியபோது ஒன்று புலப்பட்டது. இந்த மீன் இன்றைக்கு ஜப்பானில் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, க்யூபாவில் இருக்கிறது. எங்கேயும் அது தானாக நீந்திப் போகவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் பின்னால் ஒரு பெரிய மனுஷர் வாளியோடு நிற்கிறார். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நல்ல எண்ணம் எல்லாம் உள்ளவர். கெட்டவன் ஒருத்தனும் இல்லை. அதுதான் விசேஷம்.

முதல் வாளி ரயிலில் ஏறியது. அந்தக் காலத்தில் சின்ன வாய் பாஸ் மலைக்கு மேற்கே, ஒஹாயோ ஆற்றுப் பக்கம்தான் உண்டு. வாஷிங்டன் வழியாக ஓடும் போட்டோமாக் ஆற்றில் கிடையாது. 1854-இல் வீலிங் ஊர்க்காரர் ஜெனரல் ஷ்ரைவர் என்பவர், பால்டிமோர் - ஒஹாயோ ரயில் பாதை புதிதாகப் போட்டிருந்த சமயம், ஓட்டை போட்ட தகர வாளியில் சில மீன்களைப் போட்டு, ரயில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்குமே தண்ணீர்த் தொட்டி, அதற்குள் அந்த வாளியைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனார். கம்பர்லாண்டில் கால்வாயில் விட்டார். அவ்வளவுதான். கொஞ்ச வருஷத்தில் போட்டோமாக் முழுக்க பாஸ். எஞ்சின் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் டிக்கெட் இல்லாமல் மலை தாண்டிய மீன்! அதற்குப் பிறகு ரயில் போன இடமெல்லாம் பாஸும் போயிற்று.

ஆனாலும் மதிப்பு வரவில்லை. துரைமார்களுக்கு டிரவுட் மீன்தான் மீன். பாஸ் என்பது சேற்றில் கிடக்கும் நாட்டுப்புறத்தான். சின்சினாட்டியில் டாக்டர் தொழில் பார்த்த ஜேம்ஸ் ஹென்ஷல் 1881-இல் பாஸுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதி, அங்குலத்துக்கு அங்குலம் இதைப் போல் மல்லுக்கட்டும் மீன் வேறில்லை என்று வாதாடினார். நோயாளிகள் காத்திருந்தார்களா, இல்லையா தெரியாது. அந்தக் காலத்துப் பாஸ் பித்தர்கள் எல்லோருமே வேறு தொழில்காரர்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இழுத்தால் கையோடு ஓடிவரும் அருமையான தூண்டில் ரீலைக் கென்டக்கியில் முதலில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரக்காரர். மிச்சிகனில் மரத் தவளை செதுக்கிப் பொய் இரைக் கம்பெனி தொடங்கிய ஜேம்ஸ் ஹெடன் பேர்பெற்ற தேனீ வளர்ப்பாளர். சும்மா செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டைக் குளத்தில் எறிந்தார், ஒரு பாஸ் பாய்ந்து கடித்தது, அதுதான் ஆரம்பம் என்று ஊரில் கதை கட்டியிருக்கிறார்கள். 1949-இல் ஒஹாயோவின் அக்ரன் ஊரில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மண்புழு செய்தார்கள். நெளியும், குழையும், நிஜப் புழு தோற்றுவிடும். இன்றைக்கு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு டப்பா நிறைய அந்தப் புழு இருக்கிறது. ஊதா நிறத்தில், மினுக்கோடு! எந்தத் தோட்டத்தில் ஊதாப் புழு பார்த்திருக்கிறாய்? ஆனால் மீன் கடிக்கிறது, என்ன சொல்ல.

இப்போது சாதனைக் கதை. இதை நீ உட்கார்ந்து படி.

1932, ஜூன் 2. ஜார்ஜியா மாநிலம். உலகமே பணமுடையில் தவித்த காலம். ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயசுப் பையன். அப்பா போய்விட்டார். அம்மாவும் தம்பி தங்கைகளும் இவன் உழைப்பை நம்பி இருக்கிறார்கள். அன்றைக்கு மழை பெய்து வயல் சேறாகிவிட்டது, ஏர் பூட்ட முடியாது. சரி, மீனாவது பிடிப்போம் என்று ஒரு சிநேகிதனோடு ஒக்மல்கி ஆற்றின் பழைய வளைவில் தேங்கி நிற்கும் மான்ட்கமரி ஏரிக்குப் போனான். எங்கள் ஊர்ப் பெயர்தான், ஊர் வேறு. பலகை அடித்துச் செய்த படகு. இரண்டு பேருக்கும் ஒரே தூண்டில், ஒரே பொய் இரை, மாற்றி மாற்றி வீசுகிறார்கள். பெர்ரி முறை வந்தபோது இரை மாட்டிக்கொண்டது. ஏதோ கட்டையில் சிக்கிவிட்டது, இருக்கிற ஒரே இரையும் போச்சு என்று பயந்தானாம். பிறகு கட்டை நகர ஆரம்பித்தது.

ஹெலினா என்ற பக்கத்து ஊருக்கு எடுத்துப் போய் எடை போட்டார்கள். 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். நீளம் 32 அங்குலம் அரை, சுற்றளவு 28 அங்குலம் அரை. சுற்றளவைக் கவனி, நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் இடுப்பளவு! ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் என்ற பத்திரிகை பெரிய மீன் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி எழுதிப் போட்டான். 75 டாலர் மதிப்புக்குத் துப்பாக்கியும் சாமான்களும் பரிசாக வந்தன. உலக சாதனை.

மீன் என்ன ஆயிற்று என்று கேட்பாயே? சாப்பிட்டுவிட்டார்கள்! அம்மா நறுக்கிப் பொரித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டாள். பாடம் பண்ணி மாட்டவில்லை, எலும்பைக்கூட எடுத்து வைக்கவில்லை. இதைச் சொன்னால் இங்கே ஆண்பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ, பாஸ் சரித்திரத்திலேயே சரியான காரியம் செய்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான் என்று படுகிறது. வீட்டில் பசி, கையில் மீன். வேறு என்ன செய்வாள்?

அத்தாட்சி இல்லாததால் சந்தேகம் கிளப்பியவர்களும் உண்டு. அதே பையன் கொஞ்ச காலத்தில் அதே போட்டியில் பதினாலு பவுண்டுக்குச் சற்றுக் குறைவான இன்னொரு பாஸைக் காட்டி மறுபடியும் ஜெயித்தான் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். பெர்ரி பிற்பாடு விமானம் ஓட்டக் கற்று, அதையே தொழிலாகக் கொண்டு, 1974-இல் அலபாமாவில் பர்மிங்காம் அருகே விமான விபத்தில் இறந்தார். மீன் கதையை அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதே இல்லையாம். அலட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

சரி, எங்கள் ஊர் மகாராஜா. ரே ஸ்காட். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்றால் தெரியுமே, நடைபாதையில் நிற்கிற ஆளை நிறுத்தி வைத்துப் பேசி அனுப்புகிற வாய். 1967 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் மீன் பிடிக்கப் போனவரை மழை விரட்டிவிட்டது. ஓட்டல் அறையில் படுத்துக்கொண்டு டி.வி.யில் பாஸ்கெட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒரு ஞானோதயம்: கோல்ஃபுக்குப் போட்டி உண்டு, பந்துக்குப் போட்டி உண்டு, பாஸுக்கு ஏன் இல்லை? (இந்த மீன் சரித்திரத்தில் மழை பெய்தால் ஏதாவது நடந்துவிடுகிறது, கவனித்தாயா?) வேலையை விட்டார். ஜூன் மாதமே ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் போட்டி. ஆளுக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். ஜெயித்தவர் நாஷ்வில் போலீஸ்காரர் ஸ்டான் ஸ்லோன். 2,000 டாலரும் அகாபுல்கோ பயணமும் பரிசு.

அடுத்த வருஷம் ஒரு சங்கம். பாஸ் என்றே அதன் எழுத்துச் சுருக்கம். 1971-இல் 'கிளாசிக்' என்று ஒரு பெரிய போட்டி. அதைக் கேள், இன்ஷூரன்ஸ்காரர் மூளையை மெச்சுவாய்: 24 பேரை விமானத்தில் ஏற்றினார், எந்த ஏரி என்று சொல்லவில்லை. விமானம் மேலே போன பிறகுதான் நெவாடாவின் மீட் ஏரி என்று அறிவித்தார். முன்கூட்டியே போய் ஒருவரும் இடம் பார்த்து வைக்க முடியாதே! ஆர்கன்சாவைச் சேர்ந்த பாபி மர்ரி 10,000 டாலரை அள்ளிக்கொண்டு போனார். ஸ்காட் கௌபாய் தொப்பி, விளிம்புத் தோல் கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு மேடையேறி ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டி எடை சொல்வார். பிற்பாடு அந்த எடை போடும் நிகழ்ச்சியை ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோய், படகோடு ஆளை உள்ளே இழுத்து வந்து, விளக்கும் பாட்டுமாகத் திருவிழாவாக்கிவிட்டார்கள். தராசு முள் நகர்வதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுத்த ஜனம் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில் ஸ்காட் செய்த இரண்டு காரியம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, 1970 வாக்கில் அலபாமா ஆறுகளில் கழிவு கொட்டிய 200-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள்மேல், 1899-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வழக்குப் போட்டார். தனி மனிதர் இப்படி வழக்குப் போட இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் பெயர் நாறியது நாறியதுதான். 1972-இல் நாட்டுக்கே தண்ணீர்ச் சட்டம் வந்தது. அவரால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவரும் கத்தினார்.

இன்னொன்று உன் கேள்விக்குப் பதில். போட்டி முடிந்த கரையில் நூற்றுக்கணக்கில் செத்த மீன் குவிவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் முறைக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஏரியைக் காலி பண்ண வந்த கும்பல் என்று திட்டு. டிரவுட் பிடிக்கிறவர்கள் பிடித்த மீனைப் பூப்போல விடுவதை ஸ்காட் பார்த்திருந்தார். 1972-இல் தன் போட்டியில் சட்டம் போட்டார்: மீன் உயிரோடு வர வேண்டும், எடை போட்டதும் திரும்ப ஏரிக்கே போக வேண்டும். படகுக்குள் காற்று ஊதும் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொன்னார். செத்த மீனுக்கு எடையில் கழிவு. முதலில் சிரித்தார்கள். பிறகு பழகினார்கள். பத்து வருஷத்தில் பாஸைக் கொன்றவனைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்கும் அளவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வருவதற்கு மூலகாரணம் இந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தானடி. மூத்த ஜார்ஜ் புஷ், ஜனாதிபதியாக இருந்தவர், ஸ்காட்டின் பிண்ட்லாலா வீட்டு ஏரிக்கு வந்து தூண்டில் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கார் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஸ்காட் 2022-இல் காலமானார், 88 வயது.

இனிமேல் ஜப்பான். பிடித்ததை விடுவது தர்மம் என்று இங்கே கற்றுக்கொண்டவர்கள் அங்கே போனால் சில இடங்களில் விதியை மீறியவர்கள் ஆகிவிடுவார்கள்.

1925-இல் அகாபோஷி டெட்சுமா என்ற கோடீஸ்வரப் பிள்ளை கலிபோர்னியாவிலிருந்து பாஸைக் கப்பலில் கொண்டுவந்து ஹகோனேயின் ஆஷி ஏரியில் விட்டார். அமெரிக்காவில் படித்தவர். தம்பிமார்கள் ஜப்பானில் கோல்ஃப் பரப்பினார்கள், அண்ணன் பாஸ் பரப்பினார். குடும்பமே இறக்குமதிப் பொழுதுபோக்குக் கம்பெனி! ஆனால் அவசரக்காரர் இல்லை. மலைக்கு நடுவில் தனித்துக் கிடக்கும் எரிமலை ஏரியாகத் தேடி, அரசாங்க அனுமதி வாங்கித்தான் விட்டார். மீன் அங்கேயே இருந்துவிடும் என்று நம்பினார். மீன் இருந்திருக்கும். மனுஷர்கள் இருந்தால்தானே? பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்கு வாளி எடுத்தார்கள். 1970-களில் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் பாஸ் தலைகாட்டியது.

இன்னொரு வாளியைத் தூக்கி வந்தவர் யார் என்று நினைக்கிறாய்? பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ! 1960-இல் அமெரிக்கா போனபோது சிகாகோ மேயர் அவருக்கு ப்ளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். இளவரசரே மீன் ஆராய்ச்சியாளர், கோபி மீன்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். ஜனங்களுக்குச் சாப்பிட நல்ல மீனாகுமே என்று கொண்டுபோய் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்தார். அங்கிருந்து ஏரி ஏரியாகப் பரவிவிட்டது. ஜனங்கள் சாப்பிடவில்லை. ப்ளூகில்தான் மற்ற மீன்களின் முட்டையைச் சாப்பிட்டது. இதே இளவரசர் 1965-இல் தாய்லாந்து ராஜாவுக்கு 50 திலாப்பியா கொடுத்தார். நம் ஊர் ஜிலேபி மீனின் ஒன்றுவிட்ட சகோதரன். அங்கே அது லட்சோபலட்சம் பேருக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. ஒரே கை, ஒரே நல்ல மனசு. ஒரு நாட்டில் புண்ணியம், சொந்த நாட்டில் பாவம்.

2007-இல், சக்கரவர்த்தியாக, பிவா ஏரிக் கரையில் ஓட்சு நகரத்து விழாவில் நின்றுகொண்டு, தான் கொண்டுவந்த மீன் இப்படி ஆனது மனசை வருத்துகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு சக்கரவர்த்தி வாயிலிருந்து! இங்கே வாளி தூக்கின எவரும் அப்படிச் சொல்லி நான் படிக்கவில்லை.

பிவா ஏரியில் காலங்காலமாக ஒரு கெண்டையைச் சோற்றோடு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் சாப்பிடுவார்கள், ஃபுனாசூஷி என்று பெயர். அந்தக் கெண்டை குறைந்து, விலை ஏறிவிட்டது. அதனால் ஷிகா மாகாணம் 2003-இலிருந்து, பிடித்த பாஸையும் ப்ளூகில்லையும் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. கரையில் அங்கங்கே மீன் போட்டுவிட்டுப் போகப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தின் ஓட்டலில் பாஸை மாவில் தோய்த்துப் பொரித்துச் சோற்றின் மேல் வைத்துத் தருகிறார்களாம். ஜார்ஜியாவில் பெர்ரியின் அம்மா செய்ததை ஜப்பானிய மாகாணம் ஒன்று எழுபது வருஷம் கழித்துச் செய்யச் சொல்கிறது. எனக்கு அந்த மாகாணத்தை ரொம்பப் பிடித்துவிட்டது.

இந்தப் பிவா ஏரியில்தான் 2009, ஜூலை 2-ஆம் தேதி மனாபு குரிதா என்ற 32 வயதுக்காரர் ஒரு பாஸ் பிடித்தார். எந்த இரையில் தெரியுமா? உயிரோடு இருந்த ப்ளூகில்லில். கோடீஸ்வரர் கொண்டுவந்த மீன் இளவரசர் கொண்டுவந்த மீனைக் கடித்தது! எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரி மீனைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகத்தான் அதிகம். ஆனால் சர்வதேசச் சாதனைச் சங்கத்தின் விதிப்படி இந்த அளவு மீனில் இரண்டு அவுன்சாவது கூடினால்தான் புதுச் சாதனை. அதனால் இரண்டு பேரும் சமம் என்றார்கள். 77 வருஷம் தனியாக இருந்த பெர்ரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். கொடுப்பதற்கு முன் குரிதாவை உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். கொலைக் கேஸ் இல்லை, மீன் கேஸ். தேறிவிட்டார்.

கருவி வைப்பதிலும் நியாயம் இருக்கிறது. பாஸ் இல்லை, வால்-ஐ என்ற வேறொரு மீன் போட்டி. 2022-இல் கிளீவ்லாண்டில் ஜெயித்த இரண்டு பேரின் மீனைப் போட்டி நடத்துகிறவர் சந்தேகத்தில் அங்கேயே கத்தியால் கீறினார். வயிற்றிலிருந்து ஈயக் குண்டுகளும், வேறு மீனின் சதைத் துண்டுகளும் கொட்டின. கூடியிருந்த கூட்டம் போட்ட கூச்சலை நீ கேட்க வேண்டும். நீதிபதி பத்து நாள் சிறை கொடுத்தார், படகையும் பிடுங்கிக்கொண்டார்கள். நம் ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவள் செவுளைத் தூக்கிக் காட்டுவாள், அங்கேயே ஏமாற்று முடிந்தது. இவர்கள் சாப்பிடப் போகாத மீனுக்குப் படிக்கல்லைத் திணிக்கிறார்கள்.

நேர்மைக்கும் ஒரு கதை இருக்கிறது, கலிபோர்னியாவில். சான் டியேகோவில் 1959-இல் ஃபுளோரிடா பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள். பொழுதுபோக்குக்காரர்களுக்காக அரசாங்கம் ஏரிகளில் விடும் டிரவுட்டை எல்லாம் அது தின்று தின்று கொழுத்தது. எஸ்கொண்டிடோ ஊரின் சின்ன டிக்சன் ஏரியில் ஒருத்தி இருந்தாள், செவுளுக்குப் பக்கத்தில் கறுப்புப் பொட்டு. டாட்டி என்று பெயர். மூன்று பால்ய சிநேகிதர்கள் அவளுக்காகவே காத்துக்கிடந்தார்கள். 2003-இல் ஒருத்தர் பிடித்தபோது 21 பவுண்டு 11 அவுன்ஸ். 2006 மார்ச்சில் இன்னொருத்தர் தூண்டிலில் வந்தாள், கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ்! பெர்ரி போயே போனார். ஆனால் முள் வாயில் இல்லை, வெளியே உடம்பில் குத்தியிருந்தது. உலக சாதனை என்றால் மில்லியன் டாலர் பெறும் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நாள். விட்டுவிட்டார்கள். விண்ணப்பிக்கவும் இல்லை. 2008 மே மாதம் அவள் செத்து மிதந்தாள், பொட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

எல்லா வாளியும் இப்படி வேடிக்கையாக முடியவில்லை. குவாதமாலாவின் அதித்லான் ஏரியில் 1958-இல் டூரிஸ்டுகளை இழுக்க பாஸ் விட்டார்கள். அந்த ஏரியைத் தவிர உலகில் எங்கும் இல்லாத, பறக்க முடியாத ஒரு முக்குளிப்பான் பறவை அங்கே இருந்தது. அதன் இரையைத் தின்றது பாஸ், குஞ்சையும் விழுங்கியது. நாணல் வெட்டு, பூகம்பம் என்று மற்றச் சங்கடங்களும் சேர்ந்தன. 1980-களில் பறவை இனமே இல்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஊதாப் புழுவை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் இந்த ஏரியில்தானே பிடிக்கிறேன், இங்கே அது சொந்த ஊர்க்காரி" என்றார். உண்மைதான். அதனால் விடச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கத் தோன்றவில்லை. டோக்கியோப் பையன் டக்காஹிரோ ஓமோரி. அகாபோஷி விட்ட மீனின் பிடிப்பில் வளர்ந்து, பத்திரிகையில் அமெரிக்கப் போட்டிகளைப் படித்துப் படித்து, 1992-இல் ஆங்கிலம் தெரியாமல் இங்கே வந்து இறங்கினான். டெக்சஸில் காரிலேயே படுத்துத் தூங்கி ஏரி ஏரியாகச் சுற்றினான். வருஷக்கணக்காகத் தோற்றான். 2004-இல் நார்த் கரோலினாவின் வைலி ஏரியில் ஸ்காட் ஆரம்பித்த அதே கிளாசிக் போட்டி. கடைசி நாள், கடைசி நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு மீன். ஜெயித்துவிட்டான், 200,000 டாலர். அமெரிக்கர் அல்லாத ஒருத்தர் அந்தப் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. முழங்காலிட்டு அழுத படத்தை வீட்டுக்காரர் எனக்குக் காட்டினார்.

உன் மருமகள் எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் பாதியில் நிறுத்திவிட்டாயே, அந்தக் கதையை முழுசாக எழுது. நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன், நீ நாலு பக்கமாவது எழுதாவிட்டால் பேசமாட்டேன்.

உன் பழைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி